ஃபெயில் ஆக முடியாத பரீட்சை

அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் திறக்கின்றன. மே, ஜூன் வந்தாலே நமக்கு வரும் கடிதங்களும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். இந்த முறை பிளேஸ்மென்ட் டெஸ்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். சினிமாக் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கே: என் அண்ணன் மகள் டெக்ஸாஸில் இருக்கிறாள். இன்னும் காலேஜுக்குள் காலே வைக்கவில்லை, அதற்குள் பிளேஸ்மென்ட் டெஸ்டுக்குப் படிக்கிறாளாம். சேருவதற்கு முன்பே வேலையா? (தஞ்சாவூர் வாசகி)

ப: வேலை இல்லை அம்மா, வகுப்புதான். நம் ஊரில் பிளேஸ்மென்ட் என்றால் கடைசி வருடம், இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல். கல்லூரியை விட்டு வெளியே போகிறவர்களுக்கு அது. அங்கே உள்ளே வருகிறவர்களுக்கு. ஒரே பள்ளியில் படித்து ஒரே நாளில் பட்டம் வாங்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி கால்குலஸ் முடித்திருப்பாள், இன்னொருத்தி இரண்டாம் அல்ஜீப்ராவோடு நிறுத்தியிருப்பாள். இருவரையும் ஒரே கணக்கு வகுப்பில் உட்காரவைத்தால் ஒருத்திக்குத் தூக்கம் வரும், இன்னொருத்திக்கு அழுகை வரும். யாரை எந்த வகுப்பில் அமர்த்துவது என்று பார்க்கத்தான் இந்தத் தேர்வு. சீட்டு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. இதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை.

கே: ஃபெயில் ஆக முடியாத பரீட்சைக்கு எதற்குப் படிக்க வேண்டும்? என் பையன் அப்படித்தான் கேட்கிறான். எனக்கும் பதில் தெரியவில்லை. (எடிசன், நியூஜெர்சியிலிருந்து ஒரு அம்மா)

ப: ஃபெயில் ஆக முடியாது, ஆனால் பின்தங்க முடியும். பின்தங்கினால் காசும் போகும், காலமும் போகும்.

மதிப்பெண் குறைந்தால் உங்கள் பையனை ‘ரெமீடியல்’ வகுப்பில் போடுவார்கள். ‘டெவலப்மென்டல்’ என்றும் சொல்வார்கள். பள்ளியில் படித்ததை மறுபடி சொல்லித்தரும் வகுப்பு. அதற்கும் கட்டணம் உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, பரீட்சை உண்டு. பட்டத்துக்கான கிரெடிட் மட்டும் கிடையாது. பழைய முறையில் எண்கணிதம், ப்ரீ அல்ஜீப்ரா, தொடக்க அல்ஜீப்ரா, இடைநிலை அல்ஜீப்ரா என்று நாலு படி. அடிப்படியில் மாட்டியவர்கள் கல்லூரிக் கணக்கைத் தொடுவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிடும். மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் இந்த வகுப்புகளுக்கு 30 கிரெடிட் வரைதான் கைகொடுக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வகுப்பு தேவைப்படாத பிள்ளைகளும் அதில் போய் விழுந்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையத்துக்காக ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் 2012இல் ஒரு பெருநகரத்துக் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தார். கணக்குத் தேர்வு எழுதியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவரும், ஆங்கிலத்தில் மூவரில் ஒருவரும் தங்களுக்குப் பொருந்தாத வகுப்பில் போய்ச் சேருகிறார்கள் என்று கண்டார். அவர்களில் பெரும்பாலோர் மேல் வகுப்பில் தேறக்கூடியவர்கள், கீழே தள்ளப்பட்டவர்கள். அந்த மாணவர்கள் எழுதியது கம்பாஸ் என்ற தேர்வு. அதை நடத்திவந்த ஏ.சி.டி. நிறுவனமே 2016இல் நிறுத்திவிட்டது.

நான் பார்த்த ஒரு பையன், நல்ல கெட்டிக்காரன், பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் ‘இதையும் முடிச்சிடலாம்’ என்று போய் உட்கார்ந்தான். வாய் இன்னும் மரத்திருந்தது. பின்னக் கணக்கைத் தொட்டே மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு மதியத்துக்காக ஒரு செமஸ்டர் கட்டணம் கட்டினார்கள். உங்கள் பையனிடம் இதைச் சொல்லுங்கள். இரண்டு வாரம், தினம் ஒரு மணி நேரம் போதும். புதிதாக எதையும் படிக்க வேண்டாம். மறந்ததைத் தூசி தட்டினால் போதும்.

கே: பையன் ஜூன் மாதம் முழுக்க ‘அலெக்ஸோட உட்காரணும், டிஸ்டர்ப் பண்ணாதீங்க’ என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். யார் இந்த அலெக்ஸ்? (மேரிலாந்திலிருந்து ஒரு அம்மா)

ப: கவலை வேண்டாம், நல்ல சகவாசம். அலெக்ஸ் ஒரு மென்பொருள். 1990களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பிறந்தது. இப்போது மெக்ரா ஹில் வீட்டில் வளர்கிறது. பல கல்லூரிகளில் கணக்கு பிளேஸ்மென்டே அதுதான்.

அதிகபட்சம் 30 கேள்விகள். சரியாகச் சொன்னால் அடுத்தது கனக்கும், தவறினால் இலகுவாகும். நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றை டிக் அடிக்கச் சொல்லாது. பெரும்பாலும் விடையை நாமேதான் டைப் செய்ய வேண்டும். குருட்டாம்போக்கில் அடிக்க வழியில்லை. ‘தெரியாது’ என்று சொல்லவும் ஒரு பொத்தான் உண்டு. உண்மையாகவே தெரியாவிட்டால் அதை அழுத்தச் சொல்லுங்கள். எது தெரியாது என்று தெரிந்தால்தான் அதை அலெக்ஸால் சொல்லித்தர முடியும்.

கடைசியில் 62 என்றோ 71 என்றோ ஒரு எண் வரும். 35 எடுத்தால் பாஸ் என்று வளர்ந்த நாம் அதைப் பார்த்துத் துள்ளவும் கூடாது, துவளவும் கூடாது. அந்தப் பாடத் தொகுப்பில் எத்தனை விழுக்காடு கைவசம் இருக்கிறது என்பதுதான் அந்த எண். கால்குலஸுக்கு 75, 76 என்று கேட்கும் கல்லூரிகள் பல. முதல் முறை எழுதி முடித்ததும் விட்டுப்போன பாடங்களைச் சொல்லித்தரும் பகுதி திறக்கும். அதில் சில மணி நேரம் உழைத்துவிட்டு மறுபடி எழுதலாம். பல கல்லூரிகளில் ஐந்து முறை வரை. உங்கள் பையன் கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் செய்கிறான் என்றால், சத்தம் போடாமல் ஒரு டம்ளர் மோர் வைத்துவிட்டு வாருங்கள்.

கே: பிளஸ் டூ கணக்கில் 98 வாங்கியிருக்கிறேன். ஆகஸ்டில் அமெரிக்காவில் பி.எஸ். சேருகிறேன். எனக்குமா டெஸ்ட்? (கோவை மாணவர்)

ப: பெரும்பாலும் உனக்கும்தான் தம்பி. ஏ.பி., ஏ லெவல் மதிப்பெண் இருந்தால் விலக்குக் கொடுக்கும் கல்லூரிகள் உண்டு. நம் மாநிலப் பாடத்திட்டத்தின் 98ஐ அப்படியே எடுத்துக்கொள்ளும் இடம் குறைவு. வருத்தப்படாதே, உன் கை பழகிய கை. நம் தேர்வறையில் கால்குலேட்டருக்கு இடமில்லை, அங்கேயும் உன் கால்குலேட்டரைக் கொண்டுபோக முடியாது. தேவையான கேள்விக்கு மட்டும் திரையிலேயே ஒன்று முளைக்கும். கால்குலேட்டரோடு வளர்ந்த அமெரிக்கப் பிள்ளை பின்னத்தைக் கண்டு தடுமாறும் இடத்தில் நீ நடந்து போய்விடுவாய்.

நீ தடுக்கி விழக்கூடிய இடம் கணக்கு அல்ல, அதன் பேச்சு. நாம் ‘பாட்மாஸ்’ என்பதை அவர்கள் ‘பெம்டாஸ்’ என்பார்கள். விதி ஒன்றுதான், பெயர்தான் வேறு. நம் ‘இண்டிசெஸ்’ அங்கே ‘எக்ஸ்போனென்ட்ஸ்’. நம் ‘எச்.சி.எஃப்.’ அங்கே ‘ஜி.சி.எஃப்.’ ‘சர்ட்’ என்றால் விழிப்பார்கள். அது அங்கே ‘ராடிகல்’. நாம் ‘ட்ரபீசியம்’ என்று வரைகிற சரிவகம் அங்கே ‘ட்ரபீசாய்டு’. பத்து லட்சத்தை 10,00,000 என்று எழுதிப் பழகிய கண் 1,000,000 என்பதைப் பார்த்து ஒரு நொடி நிற்கும். நூறு கோடிதான் ஒரு பில்லியன். வாக்கியக் கணக்குகளில் ரயில் கிலோமீட்டரில் ஓடாது, மைலில் ஓடும். பால் லிட்டரில் அல்ல, கேலனில். ஒரு மைலுக்கு 5,280 அடி, ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ், ஒரு கேலனுக்கு 4 குவார்ட்.

இன்னொன்று: பிளஸ் டூவில் தொகையீடு போட்ட பிள்ளை ஒன்பதாம் வகுப்பு விழுக்காட்டில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாயா? பக்கத்து வீட்டுத் தங்கையிடம் இரவல் வாங்கு.

கே: கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் சேருகிறாள் என் மகள். டெஸ்ட் தேதியே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். (ஃப்ரீமான்ட்)

ப: தேதி இல்லை, ஏனென்றால் டெஸ்டே இல்லை. ‘அசெம்பிளி பில் 705’ என்ற சட்டம் 2017இல் கையெழுத்தானது. 2019 இலையுதிர் பருவத்திலிருந்து அந்த மாநிலக் கம்யூனிட்டி கல்லூரிகள் கணக்கு, ஆங்கில வகுப்புகளுக்குப் பள்ளி மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகின்றன. நாலு வருடம் ஒரு பிள்ளை வாங்கிய மதிப்பெண், ஒரு மதியத் தேர்வைவிட அவளை நன்றாகச் சொல்லும். நல்ல சட்டம், மற்ற மாநிலங்களும் இந்த வழிக்கு வர வேண்டும். ஆனால் வகுப்பில் கணக்கு இருக்கிறது; கோடை முழுக்கப் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லவில்லை.

கே: ஆங்கிலத்துக்கும் உண்டா? (மதுரை)

ப: உண்டு. அக்யூபிளேசர் என்ற தேர்வில் வாசிப்பு, எழுத்து, வேண்டுமானால் ஒரு கட்டுரை. கட்டுரைக்கு 300 முதல் 600 சொற்கள். திருத்துவது கணினி. அதனால் அலங்காரம் வேண்டாம். முதல் பத்தியிலேயே உன் கட்சி எது என்று சொல்லிவிடு, இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணம். ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ இரண்டையும் மீனாட்சி அம்மன் கோவில் வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போ.

கே: நான் எஞ்சினியர். மகன் வீட்டிலிருந்தே டெஸ்ட் எழுதலாமாம். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்விக்குக் கை காட்டினால் தப்பா? (ஃப்ரிஸ்கோ, டெக்ஸாஸ்)

ப: தப்பு. உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு கேள்வி அவனைக் கால்குலஸ் வகுப்பில் கொண்டுபோய் விடும். செப்டம்பரில் அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார முடியாது. செமஸ்டர் முடிவில் அவன் வாங்கும் மதிப்பெண் அவனுடைய டிரான்ஸ்கிரிப்டில் பதியும். ஒரு படி கீழே தொடங்கினால் ஒரு செமஸ்டர் போகும். தகுதிக்கு மேலே ஏற்றிவிட்டால் படிப்பின் மேலுள்ள ஆசையே போகும். கேமரா வைத்துக் கண்காணிக்கும் கல்லூரிகளும் உண்டு, மாட்டினால் சேருவதற்கு முன்பே கெட்ட பெயர்.

உதவ வேண்டுமானால் தேர்வுக்கு முந்திய இரண்டு வாரம் உங்களுடையது. சாப்பாட்டு மேஜையில் அரை மணி நேரம் பின்னம், விழுக்காடு, இருபடிச் சமன்பாடு. நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள். அவனை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

கே: மொழிப் பாடத்துக்குத் தமிழ் டெஸ்ட் எழுதலாம் என்று யூனிவர்சிட்டியில் சொன்னார்கள். வீட்டில் தமிழ்தான். எனக்கு ஈஸிதானே? (சிகாகோ மாணவி)

ப: இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சங்கப் பாடல்களை மொழிபெயர்த்த ஏ.கே. ராமானுஜன் முப்பது ஆண்டு பாடம் நடத்திய ஊரிலிருந்து எழுதுகிறாய். சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா என்று தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களில் நீ எந்த நிலையில் சேரலாம் என்று பார்ப்பார்கள். நன்றாகச் செய்தால் மொழிப் பாடக் கட்டாயமே தீர்ந்துபோகவும் கூடும்.

ஆனால் ஈஸி இல்லை கண்ணு. உன் தமிழ் பாட்டியிடமிருந்து காது வழியாக வந்தது. தேர்வுத் தமிழ் கண் வழியாக வரும். நீ ‘அவங்க வந்துட்டாங்க’ என்பாய், தாளில் ‘அவர்கள் வந்துவிட்டார்கள்’ என்று இருக்கும். இரண்டும் உன் மொழிதான், ஒன்றைத்தான் உனக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை. 247 என்ற எண்ணைக் கேட்டுப் பயப்படாதே. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216ம் இவற்றின் பிள்ளைகள். கொம்பும் காலும் விசிறியும் பழகினால் முகம் தெரிந்துவிடும். சண்டை போடும் கூட்டாளிகள் ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. அத்தைக்கு வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் அனுப்புவதை இன்றோடு நிறுத்து. தமிழிலேயே டைப் செய். ஒரு மாதத்தில் அத்தை பதில் போடும் வேகத்துக்கு நீ வாசிப்பாய்.

அப்படியும் உன்னை இரண்டாம் ஆண்டுத் தமிழில் போட்டால் விலக்கு கிடைக்கவில்லையே என்று வருந்தாதே. போய்ச் சேர். என் ஓட்டு அதற்குத்தான்.

கே: நாளை மறுநாள் அக்யூபிளேசர். ஒன்றும் படிக்கவில்லை. அப்பா கூட வருகிறார். என்ன செய்ய? (எடிசன், எழுத்தைப் பார்த்தால் மேலே எழுதிய அம்மாவின் பையன் என்று தோன்றுகிறது)

ப: முதலில் கல்லூரிக்கு ஃபோன் செய். தேதியை ஒரு வாரம் தள்ள முடியுமா, மறுபடி எழுத எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், அதற்குக் கட்டணம் எவ்வளவு, பள்ளி மதிப்பெண்ணை வைத்தே இடம் தருவார்களா என்று கேள். கேட்காத பிள்ளைக்கு யாரும் வலியச் சொல்வதில்லை. இந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அதற்கு மாதிரிக் கேள்விகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. இன்று இரவு அதில் ஒரு சுற்று போ.

தள்ள முடியாவிட்டால் நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போ. படம் போட்ட அடையாள அட்டையை மறக்காதே. கணக்குப் பிரிவு ஒவ்வொன்றிலும் 20 கேள்விகள்தான், அதனால் ஒவ்வொன்றுக்கும் கனம் அதிகம். விடையை உறுதி செய்தபின் திரும்பிப் போக முடியாது. அழுத்துவதற்கு முன் இன்னொரு தரம் பார். கேள்வி கடினமாகிக்கொண்டே போனால் பதறாதே, நீ நன்றாகச் செய்கிறாய் என்று பொருள். அக்யூபிளேசரின் கணக்கு, வாசிப்பு, எழுத்துப் பிரிவுகளுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. அப்பாவைப் பார்க்கிங்கில் காத்திருக்க வைக்காதே. முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடு.