முதலாளி ஆகும் செலவு

சம்பள டிரைவராக இருந்தவரை பேட்டா கேட்டு ஓனரிடம் சண்டை போடலாம். சொந்த லாரி எடுத்துவிட்டால் கேட்பவரும் நாமே, கையை விரிப்பவரும் நாமே. கலெக்டர் ஆபீஸ் இருந்தும் இந்தத் தகராறுக்கு மனு போட வழியில்லை.

2025 செப்டம்பரில் லாரிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. சந்தோஷம் ஆறுவதற்குள், அக்டோபர் முதல் தயாராகும் புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமானது. நல்லதுதான், மாதத் தவணையை நினைத்தாலும் வியர்க்காது.

சேஸிஸ் வாங்கினால் லாரி ஆகிவிடுமா? பாடி கட்ட நாமக்கல்லுக்கோ சங்ககிரிக்கோ ஓட்ட வேண்டும். நேஷனல் பர்மிட்டுக்கு வருஷம் 16,500 ரூபாய். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 2022 கட்டணப்படி, 20 டன்னுக்கு மேல் 40 டன்வரை 43,950, வரி தனி. அடுத்தவர்மேல் மோதினால்தான் அது உதவும், நம் வண்டிக்கு வேறு பாலிசி. சாலை வரி, எஃப்சி, ஃபாஸ்டேக் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ரொக்கத்தில் முடிவது டயருக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழம் ஒன்றுதான்.

லோடு கிடைத்ததா என்கிறீர்களா? அதற்கு புக்கிங் ஆபீஸ் கமிஷன் தனி.