கிரெடிட் வரும், கிரேடு வராது!

கே: என் மகன் கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்து, 60 யூனிட்டுக்கு 3.8 ஜி.பி.ஏ. வாங்கினான். அப்புறம் யூ.சி. டேவிஸுக்கு மாறி, முதல் வருஷத்தில் 45 யூனிட்டுக்கு 3.2. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 3.5 என்கிறான். சரியா?
- வாசகி, ஃப்ரீமான்ட்

ப: பையன் பட்ட பாட்டை அவனே குறைத்துச் சொல்கிறானே! இரண்டு கிலோ கத்தரிக்காய், ஒரு கிலோ வெண்டைக்காய் வாங்கிவிட்டுச் சராசரி விலை போடும்போது எடையை மறந்துவிடுவீர்களா? இங்கே எடை என்பது யூனிட். அதிலும் ஒரு சிக்கல்: அங்கே கம்யூனிட்டி காலேஜ் பெரும்பாலும் செமஸ்டர் கணக்கு, டேவிஸ் குவார்ட்டர் கணக்கு. ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு ஒன்றரை குவார்ட்டர் யூனிட். மகன் முன்பு படித்தது செமஸ்டர் கல்லூரி என்றால், டேவிஸின் 45, செமஸ்டர் கணக்கில் 30தான். இப்போது பெருக்குங்கள். 60 × 3.8 = 228. 30 × 3.2 = 96. மொத்தம் 324. அதை 90ஆல் வகுத்தால் 3.6. தைரியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கே: ஆனால் டேவிஸ் டிரான்ஸ்கிரிப்டில் 3.2 என்றுதானே போட்டிருக்கிறது?
- அதே வாசகி

ப: அதுவும் சரிதான். கம்யூனிட்டி காலேஜில் எடுத்த யூனிட்டுகளை யூ.சி. பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளும். அங்கே வாங்கிய கிரேடுகளைத் தன் ஜி.பி.ஏ.வில் சேர்க்காது. 3.6 தேவைப்படுவது வேறு இடத்தில். மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தால் ஏ.எம்.சி.ஏ.எஸ்., சட்டப் படிப்புக்கு எல்.எஸ்.ஏ.சி. விண்ணப்பங்களைக் கையாளும் இந்த இரண்டு அமைப்புகளுமே, படித்த கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டுகளை எல்லாம் வரவழைத்து, தாங்களே கணக்குப் போடும். ரெஸ்யூமேயில் ஒவ்வொரு கல்லூரிக்கு எதிரே அந்தக் கல்லூரி தந்த எண்ணை எழுதட்டும். டேவிஸுக்கு எதிரே 3.6 என்று எழுதினால் அது பொய்.

கே: கம்யூனிட்டி காலேஜில் கெமிஸ்ட்ரியில் 'டி' வாங்கி, அதே பாடத்தை மறுபடி படித்து 'ஏ' வாங்கினேன். அந்த 'டி' தொலைந்ததா?
- மாணவி, சான் ஹோசே

ப: கல்லூரிக் கணக்கில் 'டி' போய், 'ஏ' மட்டும் நிற்கும். ஏ.எம்.சி.ஏ.எஸ். இரண்டையும் எண்ணும். மூன்று யூனிட் பாடம் என்றால் 'டி'க்கு 3 புள்ளி, 'ஏ'க்கு 12. ஆறு யூனிட்டுக்கு 15, அதாவது 2.5. டாக்டர் கனவு இருந்தால் இந்தக் கணக்கை இன்றைக்கே போட்டுப் பாரம்மா, விண்ணப்பத்தன்று வேண்டாம்.

கே: மாறிவந்த முதல் குவார்ட்டரிலேயே 2.6. எல்லாம் போச்சா?
- மாணவர், டேவிஸ்

ப: போகவில்லை தம்பி. மாறிவரும் பலருக்கு முதல் பருவம் சறுக்கும், அங்கே அதற்கு 'டிரான்ஸ்ஃபர் ஷாக்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். புதுக் கணக்கில் யூனிட் குறைவு என்பதால்தான் எண் இப்படி விழுகிறது. அதே காரணத்தால் வேகமாக ஏறவும் செய்யும். 15 யூனிட்டுக்கு 2.6, அடுத்த 15 யூனிட்டுக்கு 3.6 என்றால் உடனே 3.1. பேராசிரியரின் ஆஃபீஸ் ஹவர்ஸுக்கு இந்த வாரமே போ.