மாப்பிள்ளை தள்ளுன வண்டி

ஏலே மருமவனே, வா, உக்காரு. காப்பி வருது. உன் கதைய ஊரே பேசுது. ஐப்பசி முகூர்த்தத்துக்கு அம்பாசடர வாடகைக்குக் கொண்டு போனியாமே. தாலி கட்டிட்டு வந்த மாப்பிள்ளை பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வண்டியத் தள்ளுனானாமே! பொண்ணு உள்ள உக்காந்துக்கிட்டு ‘இன்னும் கொஞ்சம்’னாளாம். அந்தக் குடும்பம் உருப்பட்டுரும்ல. உன் வாடகைதான் போச்சு.

சரி, அதுக்கப்புறம் என்னல்லாம் செஞ்சே? புது பேட்டரி மாத்துனியாம். பிளக் நாலும் புதுசாம். கார்புரேட்டரப் பிரிச்சு மேஞ்சியாம். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வேற. பேட்டரி விக்கிறவன் பேட்டரிதான் கோளாறுங்கான், கார்புரேட்டர் பாக்கிறவன் கார்புரேட்டருங்கான், சோசியக்காரன் கேதுங்கான். அவனவன் சரக்க அவனவன் வித்துட்டுப் போயிட்டான். நீயும் மூணு பேருக்கும் தீவாளி கொண்டாடி விட்டுட்ட. பெரிய மனசுதான் உனக்கு.

நான் ஒண்ணு கேக்கேன், யோசிச்சுச் சொல்லு. காலையில ஆறு மணிக்கு எடுக்காத வண்டி, மெக்கானிக் பதினோரு மணிக்கு வந்து சாவியத் திருப்புன உடனே எடுத்துச்சா இல்லையா? எடுத்திருக்கும். அவன் என்ன செஞ்சான்? பானெட்டத் திறந்தான், ரெண்டு ஒயர ஆட்டுனான், துண்டால கையத் தொடைச்சான், காச வாங்கிட்டான். வண்டிய எடுத்து விட்டது வெயிலுடே! வெயிலு கைநீட்டிக் காசு கேக்காதுங்கிற தைரியம் அவனுக்கு.

அதுலயே பாதி விசயம் இருக்கு. ஈரக்காத்துல மக்கர் பண்ணி, காஞ்ச உடனே தானா எடுக்கிற வண்டியில பெட்ரோலு கோளாறும் பெருசா இருக்காது, பேட்டரி கோளாறும் பெருசா இருக்காது. கரண்ட் எங்கனயோ ஒழுகுது.

பேட்டரியில இருக்கிறது 12 வோல்ட். அத வச்சு பிளக்குல பொறி பறக்க வைக்க முடியாது. காயில்தான் அத பதினைஞ்சாயிரம், இருபதாயிரம் வோல்ட்டுக்குத் தூக்கி விடுது. அது நடு ஒயர் வழியா டெல்கோங்கிற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடிக்கு வந்து, ரோட்டர் சுத்தச் சுத்த நாலு பிளக்குக்கும் பிரிஞ்சு போகணும். அமெரிக்காவுல கெட்டரிங்னு ஒருத்தன் 1910 வாக்குல காடிலாக் காருக்கு இந்த ஏற்பாட்டச் செஞ்சான். உன் வண்டிலயும் அதே ஏற்பாடுதான் நிக்கி. அவ்வளவு வோல்ட்டு பிளக்குக்குப் போகும்னு நம்பி நீ சாவியத் திருப்புத. மூடியில ஈரம் பூத்திருந்தா, மடையில போற தண்ணி நண்டு வளைக்குள்ள இறங்குன மாதிரி அது பாதி வழியிலயே எஞ்சின் இரும்புல இறங்கிரும். பிளக்குக்கு ஒண்ணும் போகாது. போதாக்குறைக்கு செல்ஃப் மோட்டார் இழுக்கிற இழுப்புல பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கி நிக்கும். காயிலும் அந்நேரம் பாத்து சோப்ளாங்கியாயிரும். ஓடிக்கிட்டிருக்கிற வண்டிக்கு இந்தத் தொந்தரவு கம்மி, எஞ்சின் சூடே மூடியக் காய வச்சிரும்.

இனி பாக்கிற வரிசையக் கேட்டுக்க. சாவியத் திருப்புனா எஞ்சின் சடசடன்னு சுத்துதா? சுத்துனா பேட்டரிய விட்டுரு. ‘டக்’னு ஒரு சத்தத்தோட நின்னா, இல்ல முக்கி முனகிச் சுத்துனா பேட்டரி முனையில பூத்திருக்கிற பச்சைப் பூவ வெந்நி ஊத்திக் கழுவு, எர்த் கம்பி இறுக்கமா இருக்கான்னு பாரு. புது பேட்டரி வாங்குமுன்னால இதச் செஞ்சிருக்கணும். செய்ய மாட்ட, வெந்நிக்கு யாரும் பில்லு போட மாட்டாங்கல்லா.

சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குதா? மூடியில இருந்து காயில் ஒயரப் பிடுங்கு. மரத்துல செஞ்ச, காஞ்ச துணிக் கிளிப்பால பிடிச்சு, எஞ்சின் இரும்புக்கு ஒரு கால் அங்குலம் தள்ளி வையி. பெட்ரோலு வாடை அடிச்சா இந்த வேலைய ஆரம்பிக்கவே செய்யாத, வாயில இருக்கிற பீடியையும் தூக்கி எறி. ஒருத்தனச் சாவியத் திருப்பச் சொல்லு. நல்ல நீலமா, சத்தத்தோட பொறி பறந்தா காயிலும் சி.பி. பாயிண்டும் கண்டன்சரும் சுத்தம். கோளாறு மூடி, ரோட்டர், பிளக் ஒயர் இந்த மூணுலதான். பொறியே இல்லன்னா பாயிண்ட உப்புத்தாள் போட்டுத் தேச்சு, இடைவெளி 15 தவு, அதாவது அங்குலத்த ஆயிரமாப் பிரிச்சா அதுல பதினைஞ்சு பங்கு, வச்சுப் பாரு. அதுக்கும் மசியலன்னா கண்டன்சர மாத்து.

மூடியக் கழட்டுறதுக்கு முன்னால எந்த ஒயரு எங்கன இருந்துச்சுன்னு குறிச்சுக்க. 1, 3, 4, 2ங்கிறது வரிசை. தப்பா மாட்டுனன்னா சைலன்சர் வெடி போடும், கல்யாண வீட்ல வாணவேடிக்கைக்குத் தனியா காசு கேட்டுக்கலாம். மூடிய வெளிச்சத்துல கவுத்துப் பாரு. உள்ள தலைமுடி கனத்துக்குக் கருப்பா ஒரு கோடு ஓடுதா? அதுதான் திருடன். கரண்டு போன தடம் கரியாகி, கரியே கரண்டுக்கு ரோடாயிருச்சு. தொடைச்சா ஒரு நாள் ஓடும், மறுநா மழைக்கு நின்னுரும். மூடிய மாத்திரு. நடுவுல இருக்கிற கரித்துண்டு ஸ்பிரிங்கோட சரியா வந்து போகுதான்னும் பாத்துக்க.

இன்னொரு சோதனை இருக்கு, உனக்குப் பிடிக்கும். அமாவாசை இருட்டுல வண்டிய ஓட விட்டு, பானெட்டத் திறந்து, பூச்செடிக்குத் தண்ணி தெளிக்கிற குப்பியால ஒயரு மேல பனி மாதிரி லேசா அடி. கையக் கிட்ட கொண்டு போகாத. எந்த ஒயரு மேல நீலமா ஊருதோ அதுதான் குத்தவாளி. எலுமிச்சம்பழம் வச்சவனுக்கு அமாவாசை ஒண்ணும் புதுசு இல்லல்லா.

பெட்ரோலையும் ஒரு பார்வை பாத்துரு. 2023-ல வந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோலு தண்ணிய இழுக்கிற சாதி. மழைக்காலம் முழுக்க டேங்க்க கால்வாசியில வச்சு நிப்பாட்டாத. சோக்க முழுசா இழுத்துப் பிடிச்சு பிளக்க நனைக்கிற வேலையும் வேண்டாம். பழைய ரப்பர் குழாய் இருந்தா மாத்து. அவ்வளவுதான்.

நான் சும்மா சொல்லல. மாஞ்சோலைக்கு மேல நாலுமுக்கு, ஊத்துன்னு எஸ்டேட் வண்டி ஓட்டுனவன். அங்கன மழை நின்னாத்தான் அதிசயம். ராத்திரி வண்டிய நிப்பாட்டுனா மூடியையும் ரோட்டரையும் ஒயரோட கழட்டிக் கொண்டு வந்து அடுப்பங்கரை மாடக்குழியில வச்சிருவேன். விடிய மாட்டுனா ஒரே திருப்புல எடுக்கும். ராத்திரி எவனும் வண்டியக் களவாங்கவும் முடியாது.

நீ வருத்தப்படாத, வெள்ளைக்காரனுக்கே இந்தக் கதி வந்திருக்கு. 1959-ல மினின்னு ஒரு குட்டிக் காரு விட்டான். எஞ்சினக் குறுக்க வச்சதுல டெல்கோ நேரா முன் கிரில்லுக்குப் பின்னால வந்து உக்காந்துக்கிச்சு. லண்டன் மழையில ரோட்டுத் தண்ணி அதுல அடிக்க, வண்டி நடுரோட்டுல படுத்துக்கிச்சு. அங்கன ஓட்டுனவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? பாத்திரம் கழுவுற ரப்பர் கையுறைய எடுத்து, விரல் நுனிய வெட்டி, டெல்கோ மேல கவுத்துட்டாங்க. நாலு பிளக் ஒயரு, ஒரு காயில் ஒயரு, ஆக அஞ்சு. விரலும் அஞ்சு.

உங்கத்தைக்கு மக டவுன்ல இருந்து வாங்கிக் கொடுத்த கையுறை ஒண்ணு கொல்லையில தொங்குது. அவ கோயிலுக்குப் போயிருக்கா. எடுத்துக்க. மாமாதான் சொன்னாருன்னு மட்டும் வாயத் திறந்திராத.