மூன்று மாவட்டத்துத் தமிழ் ஐயா

எங்கள் தமிழ் ஐயா பிறந்தது சேலம் மாவட்டத்தில், வேலை பார்த்தது தருமபுரி மாவட்டத்தில், பென்ஷன் வாங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். ஆனால் குருபரப்பள்ளிப் பக்கத்து ஓட்டுவீட்டை விட்டு மனிதர் ஒருநாளும் குடிமாறியதில்லை. 1965-இல் சேலத்தைப் பிரித்தார்கள், 2004-இல் தருமபுரியைப் பிரித்தார்கள், ஊரை ஒட்டி ஓடிய 7-ஆம் நம்பர் நெடுஞ்சாலைகூட 44 ஆகிவிட்டது. "நான் சும்மாதான்டா உக்காந்திருக்கேன், கவர்மென்ட்டுதான் என்னைச் சுத்திச் சுத்தி ஓடுது" என்பார், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

வித்துவான் பட்டம் பெற்றவர். வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பேசிவிட்டு வகுப்புக்கு வருகிற எங்களிடம் தமிழை எப்படி ஏற்றுவது என்று அவர் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை, பாடிவிடுவார். செய்யுளை ராகம்போட்டு இழுத்துவிட்டு, "ஏன்டா, போண்டாவுக்கு மட்டும்தான் வாய் திறக்குமா, பாடுடா" என்று அதட்டுவார். பாரதப் பகுதி வந்துவிட்டால் பிரம்பு கதாயுதமாகும், மேல்துண்டு உத்தரீயமாகும், பக்கத்து வகுப்பு கணக்கு வாத்தியார் எட்டிப்பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போவார்.

அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் இராத்திரியில் நடந்தது. கோடையில் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் தொடங்கினால், பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. ஐயா வேஷம் கட்டமாட்டார். ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்து, பாட்டு தடுமாறுகிற இடத்தில் அடியெடுத்துக் கொடுப்பார். கல்யாணமுருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாத்தாளும் ஒட்டிய புஜக்கட்டையை அவர்தான் என் கையில் முதன்முதலில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தூரத்தில் மலைபோல் மின்னியது, கையில் எடையே இல்லை. திரைக்குப் பின்னால் நின்று பாடுகிற துரியோதனனின் சலங்கைக் கால் மட்டும் தெரிய, எப்போது திரையை விலக்குவார்கள் என்று காத்திருந்து காத்திருந்து கோணிச்சாக்கில் தூங்கிப்போய், கட்டியங்காரன் கெட்ட ஜோக் அடிக்கும்போது மட்டும் எப்படியோ சரியாக விழித்துக்கொள்ளாத பிள்ளை எது? மறுநாள் முதல் பீரியடில் ஐயா கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் கண்ணயர, தலைமையாசிரியர் வருகிறாரா என்று வாசலில் முறைவைத்துக் காவல் காத்தோம். அவ்வளவு ஒழுக்கமான வகுப்பு அந்தப் பள்ளியில் வேறு இருந்ததில்லை.

பிறகு எங்களுக்கு ஓசூர்ச் சங்கு கேட்க ஆரம்பித்தது. 1980-இல் அங்கே அசோக் லேலண்ட் ஆலை ஓடத் தொடங்கியபோது, சட்டைப்பையில் அடையாள அட்டை குத்திக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவன்தான் மனுஷன் என்று தீர்மானித்து, ஐடிஐ படிவத்தோடு போய் ஐயாவிடம், விருத்தம் சோறு போடுமா என்று பெரிய மேதைபோலக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சோறு போடாதுதான். சாப்பிட்ட பிறகு என்ன பண்ணுவே?" என்றார். இன்று சாப்பிட்ட பிறகு நான் செய்வதெல்லாம் போனைத் தள்ளிக்கொண்டே இருப்பதுதான்.

கூத்தை முதலில் அடித்தது ஆலை இல்லை, டிவி. 1988-இல் தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் வந்தது, 94 பாகம், முழுக்க இந்தி. 1965 கிளர்ச்சியில் இந்திப் பலகைகளில் தார் பூசிய கை ஐயாவுடையது. அந்தக் கையே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் புள்ளி விலக்கியது. கேட்டால், "இந்திக்குத்தான் எதிரி, சகுனிக்கு இல்லை" என்பார்.

அவர் ரிட்டையர் ஆகி வருஷங்கள் ஓடி, மாந்தோப்புகளுக்கு நடுவே கம்பெனிகள் குருபரப்பள்ளி வரைக்கும் வந்து, ஒடிசாவும் பீகாரும் வாடகைக்குக் குடியேறி, டீக்கடைக்காரர் "தோ சாய்" என்று கேட்டுப் பழகிவிட்ட காலத்தில் ஒரு கூத்து நடந்தது. பத்து மணிக்குத் தொடங்கியது. பதினொன்றுக்கு நம் சனம் கொட்டாவி விட்டபடி எழுந்துபோனது. நள்ளிரவில் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ் வந்து நின்றது. இறங்கிய பையன்கள் அறைக்குப் போகாமல், டிபன் பையோடு மண்ணில் உட்கார்ந்தார்கள். ஐயாவுக்குத் தெரிந்த இந்தி முழுவதும் சோப்ரா கற்றுக்கொடுத்தது. பக்கத்திலிருந்த ஒடிசாப் பையன் தோளைத் தட்டி, "ஆயுஷ்மான் பவ" என்று ஆசீர்வதித்துவிட்டு, துரியோதனனைக் காட்டி "பிராதாஸ்ரீ" என்று கதை சொல்ல ஆரம்பித்தார். பையன் சிரித்தான், ஆனால் எழுந்துபோகவில்லை. விடிந்து படுகளத்தில் களிமண் துரியோதனன் மல்லாந்து கிடக்க, பீமன் தொடையில் அடித்து, திரௌபதி கூந்தல் முடிந்தபோது, கைகூப்பி நின்ற கூட்டத்தில் பாதி அந்தப் பையன்கள்தான். நம் ஆட்கள் போனை உயர்த்திப் பிடித்திருந்ததால் கைகூப்ப வழியில்லை.

ஐயா இப்போது இல்லை. அவர் நினைவாக, நெடுஞ்சாலையும் ஆலையும் வந்து கூத்தை அழித்த சோகத்தை எழுதித் தரவேண்டும் என்று பழைய மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். பாதி எழுதிவிட்டேன். ராத்திரியில் கண் விழித்திருக்கிற ரசிகர்களை அந்தப் பந்தலில் கொண்டுவந்து இறக்கியது அதே ஆலையின் பஸ்தான் என்பதை எந்தப் பத்தியில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.