முளை அடிப்பதற்கு முன்

எண்பதுகளில் எங்கள் பள்ளிச் சாரணர் படையிடம் இருந்தவை ராணுவம் கழித்துவிட்ட பழைய கித்தான் டென்ட்கள். நாற்பது பவுண்டு, நூற்றெண்பது பவுண்டு என்று எடையைச் சொல்லித்தான் அவற்றைக் கூப்பிடுவோம். 180 பவுண்டு என்றால் எண்பது கிலோவுக்கு மேல். அதை மாட்டுவண்டியில் ஏற்றி இறக்கவே பையன்கள் ஒரு கூட்டம் வேண்டும். எந்த டென்ட் நல்லது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை, இருந்தது அதுதான். அதனால் எங்கள் சாரண ஆசிரியர் தனக்குத் தெரிந்த அத்தனையையும் இடம் பார்ப்பதில் காட்டினார்.

தாமிரபரணிக் கரையில் முகாம் என்றால் மதியமே போய்விடுவோம். சார் வண்டியிலிருந்து ஒரு முளையைக்கூட இறக்க விடமாட்டார். முதலில் கரையோர முட்செடிகளைக் காட்டுவார். அதில் சருகும் கந்தல் துணியும் எவ்வளவு உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பார்க்கச் சொல்வார். போன வெள்ளம் வந்து நின்ற உயரம் அது. அதற்கும் மேலே ஏறித்தான் இடம் தேட வேண்டும். வறண்ட ஓடையில் மணல் மெத்தென்று கிடக்கும், படுக்க ஆசையாக இருக்கும். அந்தப் பக்கமே போகக் கூடாது. மலையில் பெய்த மழை, இங்கே ஒரு சொட்டுக்கூட விழாத நேரத்தில், அந்த வழியாகத்தான் இறங்கி வரும். தென்னை மரத்தடி கூடாது. தலைக்கு மேல் காய்ந்த கிளை கூடாது. எறும்புப் புற்று பக்கத்தில் கூடாது. இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் மரச்சுத்தி கைக்கு வரும்.

மழை வரும்போல் இருந்தால், படுப்பதற்கு முன் கயிறுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுவோம். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். விறைப்பாகக் கட்டியிருந்தால் நடுராத்திரியில் முளையையே பிடுங்கிவிடும். கித்தானும் அப்படி ஒரு விந்தைதான். நூல் நீரை வாங்கி உப்பி, நெசவின் கண்களைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் உள்ளேயிருந்து யாராவது கூரையில் விரலை வைத்துவிட்டால் போச்சு. வைத்த இடத்தில் சொட்ட ஆரம்பித்து, விடியும்வரை சொட்டும். "கூரையில கை வைக்காதீங்கடா" என்று சார் சொல்லாத இரவு கிடையாது.

என் அக்கா மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். தோழிகளோடு முதல் தடவையாக முகாம் போகிறாள். டென்ட் படங்களாக அனுப்பிவிட்டு, இரவு போனில் கூப்பிட்டாள். "மாமா, நாலு பேர் டென்ட்னு போட்டிருக்கு. நாங்களும் நாலு பேர்தான். இது போதும்ல?"

"போதாதும்மா" என்றேன். நாலு பேர் என்று கம்பெனி சொல்வது நாலு பாய்களை இடைவெளியில்லாமல் விரித்துப் பார்த்த கணக்கு. பையை வைக்க, புரண்டு படுக்க, நடுவில் எழுந்து வெளியே போக அதில் இடமில்லை. போட்டிருக்கும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்வதுதான் சரி. நாலு பேருக்கு, மூன்று பேர் டென்ட்டாக இரண்டு வாங்கினால் சுமையையும் பங்கிட்டுக்கொள்ளலாம், சிறிய சமதரை கிடைத்தாலும் போட்டுவிடலாம்.

அவளுக்குப் பிடித்திருந்தது, தூக்கிப் போட்டால் தானே விரிந்துகொள்ளும் வகை. கெச்சுவா என்ற பிராண்டு 2005-ல் அதைக் கொண்டுவந்ததிலிருந்து புதியவர்கள் பலருக்கு அதன்மேல் ஒரு கண். கார் நிற்கும் இடத்தில் போட அது நன்றாகவே உதவும். ஆனால் மடித்தால் பெரிய வட்டத் தட்டாக நிற்கும். பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, முதுகில் சுமந்து ஏறவும் முடியாது. கம்பி வளைத்துப் போடும் கும்மட்ட டென்ட்டைத்தான் சொன்னேன். 1975-ல் அமெரிக்காவின் நார்த் ஃபேஸ் நிறுவனம், பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் கோளக் கூரைக் கணக்கை வைத்து ஓவல் இன்டென்ஷன் என்ற டென்ட்டைச் செய்தது. நட்டநடுவில் கம்பம் நடாமல், வளைந்த கம்பிகளே கூரையைத் தாங்க முடியும் என்பதை மலையேறிகள் அதில் கண்டார்கள். கண்ணாடியிழைக் கம்பி விலை குறைவு, ஆனால் பிளந்துவிடும். அலுமினியம் வளையும், பெரும்பாலும் நிமிர்த்தி அன்றைய இரவை ஓட்டிவிடலாம். கூடுதல் காசைக் கொடுப்பதாக இருந்தால் அங்கே கொடுக்கலாம்.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு இன்னொன்று முக்கியம். உள்ளே வலைத்துணி, வெளியே மழைத்துணி, இரண்டுக்கும் நடுவே காற்று என்று இருக்கும் டென்ட்தான் வேண்டும். ஒற்றைத் துணி டென்ட்டில் நம் மூச்சின் ஈரமே கூரையில் படிந்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். ஒழுகுகிறது என்று புதியவர்கள் பயந்துவிடுவார்கள். வெளித்துணி தரையை ஒட்டி இறங்க வேண்டும். தொப்பி மாதிரி உச்சியை மட்டும் மூடும் துணி ஐப்பசி மழைச் சாரலைத் தடுக்காது. 2000 மில்லிமீட்டர், 3000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது, அந்த உயரத்துக்கு நீர் நின்றாலும் துணி கசியாமல் தாங்கும் என்ற அளவு. மேல்துணிக்கு 2000 தாராளம். முட்டி அழுந்தும் தரைத்துணிக்கு அதைவிட அதிகம் இருக்கட்டும்.

கயிறு விஷயத்தில் சார் சொன்னதை அப்படியே தலைகீழாக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. நைலான் துணி நனைந்தால் தொய்ந்துவிடும். உள்வலையில் ஒட்டிக்கொண்டு ஈரத்தை உள்ளே விடும். ஆகவே மழை வந்தால் இழுத்துக் கட்டு என்றேன். பாலியெஸ்டர் என்றால் அந்தத் தொல்லை குறைவு. டென்ட்டைச் சுற்றி நாங்கள் வெட்டிய வாய்க்காலும் இன்று வேண்டாம். தொட்டி மாதிரி விளிம்பு உயர்த்தித் தைத்த தரை இருக்கும்போது மண்ணைக் கொத்திப் போடுவது தப்பு. அடியில் விரிக்கும் தார்ப்பாய் மட்டும் டென்ட்டின் தரையைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையிலிருந்து வழிவதை வாங்கி அடியில் தேக்கிவிடும்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். எடை, விலை, துணி என்று என்னைவிட அதிகமாகவே விசாரித்து வைத்திருந்தாள். "எங்கம்மா போடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அதை அங்க போய்ப் பாத்துக்கலாம் மாமா. இதெல்லாம் எங்க வேணா நிக்கும்ல?"

இதுதான் எனக்குக் கவலை. எண்பது கிலோ டென்ட்டைத் தப்பான இடத்தில் போட்டால் பெயர்த்து மறுபடி நட அரைநாள் ஆகும் என்பதால் நாங்கள் தரையைப் படித்தோம். மூன்று கிலோ டென்ட்டைத் தூக்கி நகர்த்திவிடலாம் என்பதால் இந்தப் பிள்ளைகள் தரையைப் பார்ப்பதே இல்லை. தானாக நிற்கும் டென்ட் என்றாலும் முளை அடிக்காவிட்டால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். ஓடையில் தண்ணீர் வந்தால் எந்தத் துணியானாலும் ஒன்றுதான்.

ஒரு மணிநேரம் பேசினோம். முட்செடிச் சருகு, வறண்ட ஓடை, காய்ந்த கிளை எல்லாவற்றையும் சொன்னேன். காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். டென்ட் வந்ததும் மொட்டை மாடியில் விரித்து, மூலைகளில் தண்ணீர்க் குடங்களைக் கட்டி, ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்ப்பதாக அவளே சொன்னாள். திரும்பி வந்தபின் ஈரத்தோடு பையில் திணித்து வைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும் என்றதற்கு, பால்கனியில் காயப்போடுவதாகச் சொன்னாள்.

"எத்தனை மணிக்கு அங்க போய்ச் சேருவீங்க?"

"ஏழு ஏழரை ஆயிடும் மாமா."

"நாலு மணிக்குள்ள போயிடுங்கம்மா. வெளிச்சத்துல இடம் பாக்கணும்."

புறப்படும் நேரத்தை மாற்றச் சொல்லித் தோழிகளிடம் பேசுவதாகச் சொல்லி வைத்தாள்.