இளையோர் அலமாரியை உடனே அகற்றக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்
பொறுப்புள்ள தந்தை ஒருவர்,
சொத்து வரி நிலுவை இல்லாதவர்,
கிளை நூலகத்துக்கு எதிர்த்தெரு.

பெறுநர்
உயர்திரு தலைவர் அவர்கள்,
மாவட்ட நூலக ஆணைக்குழு.

பொருள்: பொது நூலகம் – புதிதாக வைக்கப்பட்ட இளையோர் கதைநூல் அலமாரி மற்றும் சனிக்கிழமை இளையோர் நிகழ்ச்சிகள் – உடனடியாக நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சென்னைப் பொது நூலகச் சட்டம், 1948.
2. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளிப் பை.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர்க் கிளை நூலகம் இதுநாள் வரை இரண்டே வகை மனிதர்களை நம்பி ஒழுங்காக நடந்துவந்தது. ஒரு வகையினர் சிறுவர் பகுதியில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து காக்கை வடை தூக்கிய கதையைப் படிப்பவர்கள். மறு வகையினர் மேல்மாடியில் சோற்று டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாகக் காலை முதல் மாலை வரை குரூப் 4-க்குப் படிப்பவர்கள். நாளிதழ் மேசையில் தினத்தந்தியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொள்ளும் பெரியவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் கட்டடத்தோடு சேர்ந்தவர்கள்.

இவ்விரு வகைக்கும் நடுவில், பதின்மூன்று முதல் பதினெட்டு வரையுள்ள பிள்ளைகள் என்றொரு கூட்டம் ஊரில் இருப்பதை நூலகம் கண்டுகொண்டதே இல்லை. அந்தப் பெருந்தன்மைக்கு முதற்கண் என் நன்றி. ஏழாம் வகுப்போடு பிள்ளை நூலகத்தை விட்டு வெளியேறும். பதினெட்டு வயதில் கையில் வழிகாட்டி நூலோடு திரும்பி வரும். இடைப்பட்ட ஆண்டுகளை டியூஷனும் கைப்பேசியும் பார்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில், புதிதாகப் பொறுப்பேற்ற நூலகர், ‘இளையோர் – புதுவரவு’ என்று சார்ட் அட்டையில் எழுதி ஓர் அலமாரியில் ஒட்டியிருக்கிறார். அதையும் பொறுத்திருப்பேன். அந்த அலமாரிக்குப் பூட்டு இல்லை ஐயா! நல்ல புத்தகம் என்றால் கண்ணாடிக் கதவுக்குள் இருக்க வேண்டும், கதவு பூட்டியிருக்க வேண்டும், சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்க வேண்டும் என்பதுதானே நம் மரபு? அதில் நியாயமும் உண்டு. புத்தகம் தொலைந்தால் நூலகர் பதில் சொல்ல வேண்டும். யாரும் படிக்காமல் கிடந்தால் எவரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அப்படியிருக்க, எடுத்துப் புரட்டும் தூரத்தில் கதைப் புத்தகத்தை வைப்பது நூலகரின் எதிர்காலத்துக்கே ஆபத்து. அவர் நலனையும் உத்தேசித்தே இதை எழுதுகிறேன்.

பார்வை 2-இல் கண்ட பையைச் சோதனையிட்டதில் கிடைத்த நூல்களின் விவரத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

முதலாவது, உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’. கீழடியை வைத்து எழுதிய இளையோர் நாவல். 2023-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றதாம். கீழடி என்றால் என்ன? தேர்வில் வரும் ஒரு மதிப்பெண் கேள்வி. எந்த மாவட்டம், எந்த ஆற்றங்கரை, பானையோட்டில் என்ன பெயர் என்று மூன்று வரியில் மனப்பாடம் செய்துவிட்டால் முடிந்தது. அந்த ஊரில் ஒரு காலத்தில் பிள்ளைகள் விளையாடினார்கள், அவர்களிடம் பொம்மைகள் இருந்தன என்றெல்லாம் நினைக்க ஆரம்பித்தால் மதிப்பெண்ணா கூடும்?

இரண்டாவது, யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. 2020-இல் அதே விருது. பெரியவர்கள் தப்பாகத் தொட்டால் ஒரு பிள்ளை பயப்படாமல் வெளியே சொல்ல வேண்டும் என்பது இதன் சாரம். இதற்குத்தான் 2012-இல் போக்சோ சட்டமே வந்துவிட்டதே! சட்டம் அரசிதழில் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைக்குப் புரிகிற பாஷையில் அதைக் கதையாகச் சொன்னால், நாளை கல்யாண வீட்டில் கன்னத்தைக் கிள்ள வரும் உறவினரின் கையைத் தட்டிவிடும். சொந்தபந்தம் என்னாவது?

மூன்றாவது, இரா. நடராசனின் ‘ஆயிஷா’. மிக மெல்லிய புத்தகம். ஆகவே கூடுதல் ஆபத்து. வகுப்பில் கேள்வி கேட்டுக் கேட்டு அடி வாங்கும் ஒரு மாணவியின் கதையை அவளுடைய ஆசிரியையே சொல்வதாக அமைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடங்கள் எவ்வளவு பாடுபட்டுக் கேள்விகளை ஒழித்து வைத்திருக்கின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இதைப் படித்த மறுநாள் என் மகள் இயற்பியல் வகுப்பில் ‘ஏன்’ என்று கேட்டிருக்கிறாள். பள்ளியிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது.

நான் கதைக்கே எதிரி என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஹாரி பாட்டர் ஏழு பாகமும் இருக்கின்றன. பதினான்கு வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் மந்திரவாதிப் பள்ளியைப் பற்றிப் படித்தால் அது மொழிவளம். வருகிற விருந்தினருக்கும் காட்டலாம். அதே பிள்ளை தமிழில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் படித்தால் அது நேர விரயம். இந்த வித்தியாசம் படித்த பெற்றோர் எவருக்கும் விளங்கும். நூலகருக்கு மட்டும் விளங்கவில்லை.

ஆனாலும் இந்த இளையோர் நாவலுக்கு விதை போட்ட இடம் நல்ல இடமில்லை. அமெரிக்காவில் எஸ். இ. ஹிண்டன் என்ற பள்ளி மாணவி, தன் வயதுக்காரர்கள் வாழ்கிற வாழ்க்கையைச் சொல்லும் கதை எதுவும் கிடைக்கவில்லை என்று தானே எழுத உட்கார்ந்துவிட்டாள். ‘தி அவுட்சைடர்ஸ்’ என்ற அந்த நாவல் 1967-இல் வெளிவந்து இன்றுவரை அங்கே பள்ளிகளில் படிக்கப்படுகிறது. பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் எழுதுவதோடு இது நிற்காது, பிள்ளைகளே எழுத ஆரம்பிப்பார்கள் என்பதற்கு இதைவிட என்ன எச்சரிக்கை வேண்டும்?

அடுத்து, சனிக்கிழமை நிகழ்ச்சிகள். நூலகத்தில் நிகழ்ச்சி என்றால் என்ன என்பது நமக்குத் தெரியாததா? நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. ‘நூலகத்தின் பயன்கள்’ என்று பேச்சுப் போட்டி. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மாணவி கையை வீசி ஒப்பிப்பாள். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வருவார். அதுவரை பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, வரவேற்புரை, முன்னிலை வகித்தோர் உரை, வாழ்த்துரை, தலைமையுரை. கடைசியில் வென்ற பிள்ளைக்கு ஓர் எவர்சில்வர் டப்பா. அன்று அலமாரியிலிருந்து ஒரு புத்தகம்கூட வெளியே வராது, கலைந்துவிடுமே! இதுவல்லவா விழா?

இந்த நூலகர் நடத்துவது அப்படியில்லை. மேடை இல்லை, பேனர் இல்லை, மைக் இல்லை. பாயை விரித்து வட்டமாக உட்கார வைக்கிறார். ஒரு வாரம் ஒரு பிள்ளை தான் படித்த கதையைச் சொல்கிறது. மற்றவர்கள் ‘முடிவு சரியில்லை’ என்று சண்டை போடுகிறார்கள். இன்னொரு வாரம் கதையை நாடகமாக்குகிறார்கள். மற்றொரு வாரம் சதுரங்கம். அதற்கடுத்து, ஊர்ப் பெரியவர்களிடம் பேசிக் கண்மாயின் வரலாற்றை எழுதிவரச் சொல்லியிருக்கிறார். கண்மாய் இருந்த இடத்தில் இப்போது யார் யார் வீடு இருக்கிறது என்பது ஊரறிந்தது. அதைப் பிள்ளைகள் எழுதி வைப்பது யாருக்கும் நல்லதல்ல.

‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்கு நேர் கீழேயே இந்தச் சிரிப்பும் சத்தமும் நடக்கின்றன. ஆணும் பெண்ணும் ஒரே பாயில் உட்கார்ந்து நாவலின் பாத்திரங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். சினிமா நட்சத்திரத்தைப் பற்றிப் பேசினாலாவது வயசுக் கோளாறு என்று விட்டுவிடலாம்.

இதையெல்லாம் நான் கேள்வி கேட்டபோது நூலகர் எனக்கு எஸ். ஆர். ரங்கநாதனைக் காட்டினார். சீர்காழியில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகர், 1931-இல் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டவர் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஒரு மதிப்பெண் கேள்விதான். அவர் விதிகள் என் கட்சியையே பேசுகின்றன. நூல்கள் பயன்படுவதற்கே என்றார். வேலை வாங்கித் தருவதைவிட வேறு என்ன பயன்? வாசகருக்கு அவருக்குரிய நூல் என்றார். என் மகளுக்குரிய நூல் எது என்பதை நான் அவளுடைய ஐந்தாவது வயதிலேயே முடிவுசெய்துவிட்டேன். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்றார். நாவலே கொடுக்காவிட்டால் மொத்த நேரமும் மிச்சம். நூலகம் வளரும் உயிர் என்றார். அதனால்தான் பயந்து எழுதுகிறேன். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்ற விதி மட்டும் இடிக்கிறது. அந்த நாவல்கள் என் மகளைத்தான் தேடி வந்தன என்று நூலகர் வாதிடக்கூடும்.

‘உங்கள் காலத்தில் நீங்கள் கதை படிக்கவில்லையா’ என்றும் கேட்டார். படித்தோம். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வழியாக வந்த இரும்புக்கை மாயாவி, கைமாறிக் கைமாறி எங்கள் தலைமுறை வரைக்கும் வந்தார். பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய ராஜேஷ்குமார் மாத நாவல்களை இயற்பியல் புத்தகத்துக்குள் செருகி வைத்துப் படித்தோம். சுஜாதாவின் கணேஷையும் வசந்தையும் பெரியப்பா மகன் பரணில் ஒளித்து வைத்திருந்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதில் எதையும் நூலகம் எங்களுக்குக் கொடுக்கவில்லை. திருட்டுத்தனமாகப் படித்ததால்தான் எங்களுக்கு ஒழுக்கம் கெடவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கும் அந்த வசதி இருக்கிறது. கைப்பேசியில் என்னென்னவோ தொடர்கதைகள், எந்தெந்த நாட்டுப் படக்கதைகள். எவர் எழுதியது, எந்த வயதுக்கு எழுதியது என்று எந்த நூலகரும் பார்த்துத் தரவில்லை. எனவே அதில் எனக்கு ஆட்சேபமில்லை. பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு தன் அறையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பொது இடத்தில், பலர் முன்னிலையில், ஒரு பெரியவர் தேர்ந்தெடுத்துத் தந்த நல்ல புத்தகத்தைப் படிக்கும்போதுதான் பெற்றோருக்கு அவமானம்.

அரசுக்கு இந்த நியாயம் புரியாமல் இல்லை. கோட்டூர்புரத்தில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தபோது குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே வைத்தார்கள். மறு ஆண்டே, 2011-இல், அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கும் முடிவை எடுத்தார்கள். கதை படிக்கிற பிள்ளையை நோயாளியாகப் பார்த்த அந்தத் தொலைநோக்கை உயர்நீதிமன்றம் தடுத்துவிட்டது. போதாக்குறைக்கு 2023-இல் மதுரையிலும் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்து, அங்கும் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெருநகரங்களில் நடப்பது நடக்கட்டும். ஓடு வேய்ந்த எங்கள் கிளை நூலகத்துக்கு அந்த நாகரிகம் பரவ வேண்டாம்.

ஆகவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைப் பரிவுடன் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. இளையோர் அலமாரியில் உள்ள நாவல்களை எடுத்துவிட்டு, அங்கே பொது அறிவு வினா-விடைத் தொகுப்புகளை வைக்க வேண்டும்.

2. இயலாவிடில், பெற்றோர், தலைமையாசிரியர், கிராம நிர்வாக அலுவலர் ஆகிய மூவரின் கையொப்பம் பெற்ற பின்பே இளையோருக்கு நாவல் வழங்க வேண்டும்.

3. சனிக்கிழமை நிகழ்ச்சிகளில் சிறப்பு விருந்தினரும் பொன்னாடையும் கட்டாயமாக்கப்பட வேண்டும். பிள்ளைகள் தாமாகவே வருவதை நிறுத்திவிடுவார்கள்.

4. மேற்படி நூலகரை, வாசகர்கள் குறைவாக உள்ள ஊருக்கு மாற்ற வேண்டும். அங்கும் வாசகர்கள் கூடிவிட்டால், மீண்டும் மாற்ற வேண்டும்.

சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்தச் சட்டத்தின் பேரில் நான் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிறேன். அந்தப் பத்துப் பைசாவில் பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பங்கில்லை என்று சட்டத்தில் எந்தப் பிரிவிலும் காணவில்லை என்கிறாள் என் மகள். சனிக்கிழமை பழக்கம், படித்துப் பார்த்திருக்கிறாள். இந்த விண்ணப்பத்தின் ஒற்றுப்பிழைகளைத் திருத்திக் கொடுத்ததும் அவள்தான். எனவே தாமதமின்றி ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்து, எங்கள் பிள்ளைகள் படிக்கும் அபாயத்திலிருந்து எங்களைக் காப்பாற்றுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரி செலுத்தும் தந்தை.