வாங்கை வெட்ட முன்னம்

மருமோன், படகு வாங்கினது நல்ல காரியம். 14 அடி அலுமினியம், எண்பதுகளிலை செய்தது, அடியிலை ஒட்டுப் போட்ட இடமும் ஒண்டு ரெண்டுதான். விலையிலையும் நீர் ஏமாறேல்லை. அது எனக்கு உண்மையிலை கொஞ்சம் கவலைதான். பகிடி பண்ண ஒரு விசயம் குறைஞ்சுபோச்சு. ஆனால் நீர் கீறி வைச்ச திட்டத்தை மகள் போனிலை காட்டினவள். அதைப் பாத்த கையோடை கவலை தீந்துபோச்சு.

மூண்டு வாங்கையும் வெட்டி எறியிறீராம். தரையைச் சமமாக்கி, முன்னுக்கு மேடை கட்டி, மேடையிலை ஒரு தூண் நட்டு, தூணிலை சுழல் கதிரை பூட்டுறீராம். பின்னாலையும் அப்பிடி ஒண்டு. நடுவிலை 100 லீற்றர் மீன் தொட்டி, அதுக்குள்ளை நீல வெளிச்சம் வேறை. மீனுக்கு இருட்டெண்டால் பயமாக்கும். எல்லாம் வடிவாய்த்தான் கிடக்கு. உம்மடை மாமியும் நானும் ரெண்டு பேரப்பிள்ளையளும் எங்கை இருக்கிறதெண்டு மட்டும் படத்திலை காணேல்லை. நாங்கள் கரையிலை நிண்டு கை காட்டுறமோ?

உந்தக் கோலம் எங்கையிருந்து வந்ததெண்டு பேரனைக் கேட்டன். அவன் தேடி வாசிச்சுச் சொன்னான். 1948இலை லூசியானாவிலை, சிறீவ்போர்ட் எண்ட ஊரிலை, ஹோம்ஸ் தேர்மண்ட் எண்டவர் பாஸ் மீன் பிடிக்கவெண்டே ஒரு படகு செய்தாராம், பேர் ஸ்கீற்றர். 1967இலை றே ஸ்கொட் எண்டவர் ஆர்கன்சாவிலை பீவர் ஏரியிலை பாஸ் பிடிக்கிற போட்டி வைச்சார். போட்டியெண்டால் மீனை நிறுத்துக் காட்டவேணும். நிறுத்ததெல்லாம் செத்துக் கிடந்தால் ஊர் என்ன சொல்லும்? அதாலை 1972இலை பிடிச்ச மீனைக் கொல்லாதேங்கோ எண்டு அவரே ஒரு பிரசாரம் துவங்கினார். காத்தடிக்கிற தொட்டி படகுக்குப் படகு ஏறினது அந்த வழியாலைதான்.

அந்தத் தொட்டி தராசுக்குப் போற மீனுக்கு. உம்மடை மீன் சட்டிக்குப் போறது. மேடையும் தூண் கதிரையும் போட்டிக்காரருக்கு வேணும். நாள் முழுக்க எறிஞ்சு எறிஞ்சு இழுக்கிறவங்கள், 20 அடி நீளம், எட்டடி அகலமான படகிலை நிக்கிறவங்கள். உம்மடை படகின்ரை அகலம் அஞ்சடி சொச்சம். கொம்பியூட்டரிலை வேலை செய்யிற ஆள், கணக்கை நீரே போட்டுப் பாரும்.

வாங்கு குந்தியிருக்க மட்டுமெண்டோ நினைச்சீர்? உந்தப் படகுத் தகடு ஒண்டரை மில்லிமீற்றர் சொச்சம்தான் வரும். ரெண்டு பக்கமும் விரியாமலும் மடியாமலும் இழுத்துப் பிடிச்சிருக்கிறதே உந்த வாங்குகள்தான். நடு வாங்கை வெட்டி எடும், பேந்து சிம்கோ ஏரியிலை காத்து எழும்பின ஒரு பின்னேரம் போம். அடி ஒவ்வொரு அலைக்கும் உள்ளுக்கும் வெளியிலும் போய் வாறதை உம்மடை காலே சொல்லும். ரிவெட் ஒண்டொண்டாய்த் தளரும், தளர்ந்த இடத்தாலை தண்ணி கசியும், நீர் பம்ப் வாங்குவீர், பேந்து பெரிய பம்ப் வாங்குவீர். வாங்கை எடுத்தே தீருவன் எண்டால் அந்த இடத்திலை தரையையும் பக்கச் சுவரையும் அலுமினியக் கோணச்சட்டத்தாலை சேத்துப் பிடிச்சு முட்டுக் குடுக்கவேணும். அது வெல்டிங் தெரிஞ்சவன்ரை வேலை. பசை ரியூப்போடை நிக்கிறவன்ரை வேலை இல்லை.

இன்னொண்டு. அந்த வாங்குகளுக்குள்ளை நுரை கிடக்கு. படகு தண்ணி நிரம்பினாலும் அடிக்குப் போகாமல் மிதக்கிறது அந்த நுரையின்ரை புண்ணியத்திலை. வாங்கோடை அதையும் குப்பையிலை போட்டுட்டு, அந்த இடத்திலை மீன் தொட்டி வைக்கிறீர். அதாவது மிதக்கிறதை எடுத்துட்டுத் தாழுறதை வைக்கிறீர். நான் குறை சொல்லேல்லை, தம்பி. புதுமை எண்டு சொல்லுறன்.

ஆனால் வாங்கை ஒருக்கால் திறந்து பாக்கத்தான் வேணும். நாப்பது வருச நுரை தண்ணி குடிச்சிருக்கும். ஒரு பிடி பிய்ச்சுப் பிழியும். தண்ணி சொட்டினால் முழுவதையும் எடும். வீட்டுச் சுவருக்கு வைக்கிற நீலம், றோசா நிற நுரைப் பலகையை அளவா வெட்டி அடுக்கலாம், மலிவு. ஆனால் பெற்றோல் பட்டால் அது கரைஞ்சுபோகும். பெற்றோல் தாங்கி கிடக்கிற பக்கத்து வாங்குக்குப் பொலியூரத்தேன் நுரையை வையும், அது பெற்றோலுக்குத் தாங்கும். தகட்டைத் திருப்பி மூட முன்னம் அடியிலை தண்ணி வழிஞ்சோட ஒரு பாதை விடும். முதல் நுரை ஊறினதே வந்த தண்ணி போக வழியில்லாமல்தான்.

வாங்குக்கு மேலை பலகை போடுறதெண்டால், மலிவாய்க் கிடைக்குதெண்டு பச்சை மருந்து ஏத்தின பலகையைத் தூக்கிக்கொண்டு வராதையும். அந்த மருந்திலை செம்பு இருக்கு. செம்பும் அலுமினியமும் ஈரத்திலை சேந்தால் அலுமினியத்தைத்தான் தின்னும். மருந்தில்லாத நல்ல ஒட்டுப்பலகையை எடுத்து, வெட்டின விளிம்பு ஓட்டை எல்லாத்துக்கும் எப்பொக்சி பூசி வையும். விளிம்பை விட்டுட்டு முகத்துக்கு மட்டும் பூசுற ஆக்கள் இருக்கினம். பொடியள் பவுடர் போடுற விதம் அது.

இனிக் கதிரைக்கு வாறன். தூண் கதிரையிலை ஏறி இருந்தால் பிரசங்க மேடையிலை நிக்கிற சுவாமியார் கணக்காய்த் தோற்றமாய்த்தான் இருப்பீர், மறுக்கேல்லை. ஆனால் சுவாமியாருக்குக் கீழை சீமெந்துத் தரை. உமக்குக் கீழை அஞ்சடி அகலத் தகடு, அதுக்குக் கீழை றைஸ் ஏரி. ஆள் எவ்வளவு உயர இருக்கிறாரோ, படகு அவ்வளவுக்கு ஆடும். படகு ஓடேக்கை தூண் கதிரையிலை இருக்கவே கூடாது; ஒரு வெட்டு வெட்டினால் கதிரை சுழலும், நீர் தனியப் போவீர்.

வாங்கிலையே பூட்டுற மடக்குக் கதிரை கிடக்கு. அடியிலை ஒரு தட்டையான சுழல் தட்டு, ஒண்டு ரெண்டு அங்குலம்தான் உயரும். முதுகுக்குச் சாய்மானம், திரும்பி எறியச் சுழற்சி, காத்தடிச்சால் மடிச்சு விடலாம். உமக்கு வேறை என்ன வேணும்? ஓட்டை போட மனமில்லாட்டில் வாங்கை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் வைச்சதும் விக்கிறாங்கள். ஓட்டை போட்டால் ஸ்குறூவை மெல்லிய தகட்டிலை முறுக்கி விட்டுட்டு வராதையும். முதல் நாளே பிடுங்கிக்கொண்டு வரும், உம்மடை நிறைக்கு. துருப்பிடிக்காத போல்ட், கீழை அகலமான தட்டு, கழலாத நட்டு. மெத்தை தண்ணி குடிக்காத நுரையோ எண்டு கேட்டு வாங்கும். சாதாரணப் பஞ்சு மெத்தை எண்டால் ஒரு மழைக்குப் பிறகு வெயிலடிச்சாலும் உம்மடை காற்சட்டை மட்டும் நாள் முழுக்க ஈரம். ஆக்களுக்கு விளக்கம் சொல்லவேண்டி வரும்.

ஆர் எங்கை இருக்கிறதெண்டதும் கதிரையின்ரை விசயம்தான். உம்மடை திட்டத்திலை எஞ்சின் பின்னாலை, நீர் பின்னாலை, பெற்றோல் தாங்கி பின்னாலை, பற்றறியும் பின்னாலை. மூக்கு வானத்தைப் பாக்கும். முன்னுக்கு என்ன வருதெண்டு தெரியாது. பற்றறியையும் தாங்கியையும் முன்னுக்குத் தள்ளும், குழாயும் வயரும் நீட்டினால் சரி. எழுந்து நிண்டு ஓடுறதிலும் பாக்க அது நல்லது. பக்கத்திலை ஒரு தகடு ஒட்டியிருக்கு, பாத்தீரோ? எத்தினை ஆள், எத்தினை கிலோ, எத்தினை குதிரைவலு எண்டு அதிலை எழுதியிருக்கு. படத்திலை அதுக்கு மேலை விளம்பர ஸ்ரிக்கர் ஒட்டுறதாய்க் கீறியிருக்கிறீர். அந்தத் தகட்டிலை உள்ள கிலோவுக்குள்ளை ஆள், எஞ்சின், தாங்கி, தூண்டில் எல்லாம் அடங்கவேணும். 100 லீற்றர் தண்ணியெண்டால் 100 கிலோ. உம்மிலும் கனதியான ஒரு ஆளை, பிடிச்சுக்கொள்ளக் கையில்லாத ஒரு ஆளை, நடுவிலை ஏத்துறீர். படகு சரியிற பக்கமே அவரும் சரிவார். உம்மடை மாமியின்ரை நிறையையும் கணக்குக்குச் சொல்லலாம். சொன்னால் எனக்கு ராத்திரிச் சோறு இல்லை.

யாழ்ப்பாணத்திலை, குருநகரிலை, எங்கடை ஆக்கள் களங்கண்டி வலைப் பொறி வைச்ச காலத்திலை மீன் கடலுக்குள்ளையே உயிரோடை நிக்கும். விடியப் போய் அள்ளிறது, பறியிலை போடுறது, சந்தைக்குப் போறது. பம்ப் இல்லை, வயர் இல்லை, நீல வெளிச்சம் இல்லை. கடல் தன்ரை பாட்டிலை தண்ணி மாத்திக்கொண்டிருக்கும். தொட்டிக்குள்ளை அந்த வேலையை நீர் செய்யவேணும். கோடையிலை அது லேசான வேலை இல்லை. 10 பாகையிலை ஒரு லீற்றர் தண்ணி 11 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும். 25 பாகைக்கு வந்தால் எட்டுச் சொச்சம்தான். ஆடியிலை, மீனுக்குக் கூடக் காத்துத் தேவைப்படுற நேரம் பாத்துத் தண்ணி கையை விரிக்கும்.

சட்டமும் உமக்கெண்டே எழுதி வைச்ச கணக்காய்க் கிடக்கு. ஒன்ராறியோவிலை மீன் தொட்டி எண்டால் படகோடை பூட்டியிருக்கவேணும், 46 லீற்றருக்குக் குறையாமல் பிடிக்கவேணும், தண்ணி மாத்தக்கூடியதாய் இருக்கவேணும், உயிர்மீன் உள்ளை கிடக்கிற நேரம் முழுக்க இயந்திரம் காத்தடிக்கவேணும். நீர் போன கிழமை கூலர் பெட்டி ஒண்டைக் காட்டி, மாமா, இதையே தொட்டியாக்கலாமோ எண்டு கேட்டனீர். கெட்டிக்காரன். 48 குவாட் பெட்டி. கணக்குப் பாத்தால் 45.4 லீற்றர். அரை லீற்றர் குறையுது! கடைக்காரன் சட்டத்தை வாசிச்சுப்போட்டுத்தான் செய்தவனோ தெரியாது. 60 குவாட் எடும். 56 லீற்றருக்கு மேலை வரும், தப்பிடுவீர்.

கூலர் பெட்டி யோசினைக்கு நான் எதிரி இல்லை. உம்மடை தலையிலை வந்ததிலை உது ஒண்டுதான் எனக்குப் பிடிச்சது. சுவர் தடிப்பு, வெயில் உள்ளை போகாது. மணிக்கு 500 கலன் இறைக்கிற சின்னப் பம்ப் காணும். தண்ணியை உள்ளுக்கு எடுக்கப் படகிலை ஓட்டை போடவேண்டாம். பம்பைப் பின்பக்கத்தாலை தண்ணிக்குள்ளை இறக்கி, குழாயை மேலாலை எடும். தண்ணி பெட்டிக்குள்ளை துளைக்குழாயாலை சிதறி விழட்டும், காத்து அதோடைதான் சேரும். வெளியேற்றுற குழாய் உள்வாற குழாயிலும் பாக்கப் பெரிசாய் இருக்கவேணும். இதை மறந்தால் தொட்டி நிரம்பும், பேந்து படகு நிரம்பும். பெட்டியை நடு வாங்குக்கு முன்னாலை, நடுக்கோட்டிலை, தரையோடை வைச்சுப் பட்டியாலை இறுக்கும். பம்ப் ரெண்டு மூண்டு அம்பியர் குடிக்கும். உம்மடை பழைய எஞ்சின் கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணுறது, பற்றறியைத் திருப்பி ஏத்தாது. ஃபியூஸ் போடாமல் வயர் இழுத்தீரெண்டால் நான் ஏறமாட்டன், சொல்லிப்போட்டன்.

இதெல்லாம் செய்து முடிச்ச பிறகு ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையும். உயிரோடை வைச்சிருந்து என்ன செய்யப்போறீர்? உயிர்மீனைத் தரைவழியாலை வீட்டை கொண்டுபோக இஞ்சை விடமாட்டாங்கள், தனி அனுமதி வேணும். கரைக்கு வர முன்னம் கொல்லத்தான் வேணும். அப்ப, பிடிச்ச உடனை தலையிலை ஒரு தட்டு, செவுளை வெட்டி ரத்தத்தை வடிய விட்டு, அதே 60 குவாட் பெட்டியிலை ஐஸிலை போட்டால் குழம்பு நல்லாய் வரும். நாள் முழுக்கச் சூட்டுத் தண்ணியிலை மூச்சுத் திணறின மீனிலும் பாக்க ஐஸ்மீனின்ரை சதை இறுக்கம். மாமி ஒரு வாய் வைச்சாலே கண்டுபிடிப்பா. பெட்டி ஒண்டு, வேலை ரெண்டு: பொடியளுக்குப் பாஸைக் காட்டி, படம் எடுத்து, கொஞ்ச நேரத்தாலை விடப்போறீரோ, பம்பை மாட்டும். சமைக்கப்போறீரோ, ஐஸைப் போடும். நீல வெளிச்சத்தை வேணுமெண்டால் வீட்டு வாசலிலை கொழுவும்.

கரைக்கு வந்ததும் அடித்தக்கையைக் கழட்டி, தொட்டித் தண்ணி, அடித்தண்ணி எல்லாம் வடிய விடவேணும். 2022 தை துவக்கம் சட்டம் அது. வரிக்குதிரைச் சிப்பி அப்பிடித்தான் ஒரு ஏரியிலையிருந்து மற்ற ஏரிக்குச் சவாரி போறது. கழட்டின தக்கையைக் காற்சட்டைப் பையிலை போடாதையும். அது உடுப்புத் தோய்க்கிற மிசினுக்குள்ளை போகும், நீர் அடுத்த முறை தக்கை இல்லாமல் படகை இறக்குவீர். எஞ்சின் கைப்பிடியோடை கட்டி வையும்.

பேந்து லைசென்ஸ். நீர் காசு மிச்சம் பிடிக்கச் சின்ன லைசென்ஸ் எடுத்தனீராம். றைஸ் ஏரியிலை அதுக்கு 2 பாஸ்தான் வைச்சிருக்கலாம். எனக்கு 65 தாண்டினபடியால் அடையாள அட்டையைக் காட்டினால் காணும், லைசென்ஸ் காசு இல்லை, 6 பாஸ். ஆகவே வாங்குப் பங்கீடும் முடிஞ்சுது: பின் வாங்கிலை நீர் இருந்து எஞ்சினைப் பிடியும், நடு வாங்கிலை சாய்மானக் கதிரையிலை நான் இருந்து மீனைப் பிடிக்கிறன். சனிக்கிழமை அலவாங்கோடை வாறன். வெட்ட இல்லை, நுரை பாக்க.